ஆயில்யத்தைக் கேட்டு வந்த சம்பந்தியம்மாவுக்கு

சம்பந்தியம்மா,

தெருவில் மக்காச்சோளம் அடிக்கிறார்கள். மிஷின் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது. தூசி சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் குன்னத்தில் தை மாசியானால் இந்த வாசனைதான். காய்ந்த சக்கை, மண், டீசல் புகை எல்லாம் கலந்து தொண்டை கரகரக்கும். நாசமாய்ப் போகிற தூசி என்று திட்டிக்கொண்டே சன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமல் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் நீங்கள் முதன்முதலாக வந்து நின்றபோது உங்கள் தலையெல்லாம் இந்தத் தூசிதான். பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டில் காயப்போட்டிருந்த சோளத்தை மிதிக்கக் கூடாதென்று ஓரமாக நடந்து, நேராக மிஷினுக்கு எதிரே போய் மாட்டிக்கொண்டீர்களாம். பெண் பார்க்க வந்தவர் மாதிரியா இருந்தீர்கள்? களத்து வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தீர்கள்.

தூசி மட்டும் காரணமில்லை. என் மகன் பிரபுவுக்குப் பெண் பார்க்கிறோம். போன வாரம் மீன்சுருட்டியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. தரகர் போனில் போட்டோவாக அனுப்பியிருந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள். பெண் படித்திருக்கிறாள், அரியலூரில் வேலை பார்க்கிறாள், பிரபுவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நட்சத்திரத்தைப் பார்த்தேன். ஆயில்யம்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன் சம்பந்தியம்மா. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது, அவள் கால் வைத்த வீட்டில் மாமியார் நிலைக்க மாட்டாள் என்று காலம் காலமாகச் சொல்கிறார்கள். என் மகள் வனிதாவுக்கு அதே நட்சத்திரம். அதனால் ஒவ்வொரு வீடாக அவளைத் தட்டிக்கழித்தபோது அந்த மாமியார்களையெல்லாம் எப்படிச் சபித்திருப்பேன்! இப்போது மாமியார் இடத்தில் நான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எதுக்கு வம்பு? வேற பாத்துக்கலாம்னு சொல்லிடு" என்றார். சொல்லியிருக்கலாம். நீங்கள் மனசுக்குள் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டீர்கள்.

வனிதாவுக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. முதலில் நல்ல இடமாகப் பார்த்தோம். பிறகு சுமாரான இடம். கடைசியில் தரகர்கள் அம்மா இல்லாத பையனாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு தரகர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார், "அருமையான எடம்ங்க. மாமியார் போட்டோவுல இருக்காங்க." அந்த வீட்டுக்குப் போனோம். மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் எங்களை உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வனிதா, "ஏம்மா, செத்துப்போனவங்கள பாத்து நாம சந்தோஷப்படறோம்ல?" என்று கேட்டாள். அந்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

அதற்கு அடுத்து வந்தவர் நீங்கள். உங்கள் மகனுக்குப் பெண் கேட்டு விக்கிரமங்கலத்திலிருந்து, அண்ணனைக் கூட்டிக்கொண்டு, பொட்டில்லாத நெற்றியோடு எல்லாருக்கும் முன்னால் படியேறி வந்தீர்கள். புருஷனை இழந்தவர்கள் நல்ல காரியத்துக்குப் பின்வாசலில் நிற்பதுதானே நம் ஊர் வழக்கம்? தரகருக்கு முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தலையில் இருந்த சோளச் சக்கையைத் தட்டிவிட்டு, "பொண்ணு எங்க, கூப்புடுங்க. எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு" என்றீர்கள்.

வனிதா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன சமைப்பாய் என்று கேட்காமல், என்ன பிடிக்கும் என்று கேட்டீர்கள். அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் அண்ணன் தரகரிடம், "பூசம்னுதானே சொன்னீங்க?" என்றார். தரகர் தலையை ஆட்டினார். எனக்குச் சுரீர் என்றது. அந்த ஆள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நட்சத்திரத்தையே மாற்றிச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான்! என் வாய் எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். "பூசமும் இல்ல, புனர்பூசமும் இல்ல. ஆயில்யம். முடியும்னா பாருங்க. முடியாட்டி காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

தரகர் ஃபேனைப் பார்த்தார். உங்கள் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வனிதா தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் மட்டும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாய் காப்பி கெடைக்குங்களா?" என்று கேட்டீர்கள்.

உள்ளே ஓடினேன். பால் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் மேல் எக்கி நின்று பால் வாங்கினேன். திரும்பி வரும்போது உங்கள் அண்ணனின் குரல் கேட்டது. "தெரிஞ்சே போயி தலையக் குடுக்கறியா?" நீங்கள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "என் தலையில நீயாண்ணே எழுதுன? எழுதுனவன் ஒருத்தன் இருக்கான். நான் செஞ்சதுக்கு ஏத்தாப்புல எழுதியிருக்கான். அத இந்தப் புள்ளையோட நட்சத்திரம் வந்து அழிச்சு எழுதிடுமா? அப்ப அவன் எதுக்கு, நான் பண்ணுன பாவ புண்ணியம் எதுக்கு?" காப்பியை நீட்டினேன். "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்றீர்கள். என் வீட்டில் என்னையே உட்காரச் சொன்னீர்கள்! அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு சோளத் தூசியின் மேல் பழியைப் போட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என் மகளை வனிதா என்று கூப்பிட்டதே இல்லை. "ஏ ஆயில்யம், மாட்டுக்குத் தண்ணி வச்சியா?", "ஆயில்யம், தோசைக்கு ஊறவையி." முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, சொல்லிக்காட்டுகிறீர்களோ என்று. வனிதாவே சிரித்தாள். "விடும்மா, தெருவே இப்ப அப்படித்தான் கூப்புடுது. யாரும் பயப்படறதில்ல" என்றாள். உங்களுக்கு ஒரு சளி பிடித்தால் போதும், வாசலில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடம், "எமன் தனியா வரவேண்டியதில்ல, வூட்டுலயே ஆளு வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அவள் கஷாயத்தை உங்கள் முன்னால் ணங்கென்று வைத்து, "குடிச்சிட்டுச் சாவுங்க" என்பாள். இப்படியும் ஒரு மாமியார் மருமகளா என்று நான் வாயைப் பிளந்திருக்கிறேன்.

உங்கள் மாதிரி பக்தி எனக்குக் கிடையாது. சாமி கும்பிடுவதில் சோம்பேறி, பயப்படுவதில் முதல் ஆள். நீங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போவீர்கள். ஆனால் பல்லி விழுந்தாலும் பூனை குறுக்கே போனாலும் நின்றதே இல்லை. விதியை இவ்வளவு நம்புகிறவர் எப்படி இவ்வளவு துணிச்சலாக இருக்கிறார் என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. ஒருநாள் உங்கள் வயலில், மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிடும்போது கேட்டேன். நீங்கள் அந்தக் கொட்டகையைக் கை காட்டினீர்கள்.

"இங்கதான் அவரு போனாரு" என்றீர்கள். "கரண்டு. கல்யாணமாயி மவன் நடக்க ஆரம்பிச்ச நேரம். என் ராசிதான் அவர முழுங்கிடுச்சுன்னாங்க. நானும் நம்பிட்டேன். கண்ணாடி பாக்கறதுக்கே கூசும். பல வருசம் அப்படியே கெடந்தேன். ஒரு நாளு நானே மோட்டார் போட வந்தேன். கையெல்லாம் ஈரம். தொடைச்சிட்டு சுவிட்சத் தொட்டேன். அப்பத்தான் பொட்டுல அடிச்சாப்புல இருந்துச்சு. ஈரக் கையோட தொடாதீங்கன்னு அவருகிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன்! தொட்டது அவரு கை. அது அவரு பண்ணுனது, அவரு வினை. அத எதுக்கு நான் எடுத்து வச்சிக்கிட்டு அழுவறேன்? நல்ல மனுசன் அவரு. அவரு சாவக்கூட அவருக்குன்னு விடாம நான் புடுங்கிக்கிட்டேன்."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னீர்கள். "வினைய நம்பறவ நட்சத்திரத்துமேல பழி போட முடியாது சம்பந்தி. அவங்கவங்க வினை அவங்கவங்களுக்கு. ஒண்ணு இத நம்பணும், இல்ல அத நம்பணும். ரெண்டையும் நம்பறேன்னு சொல்றவ ஒண்ணையும் நம்பல." எனக்குத் தெரிந்த ஜோசியர், பூசாரி, மேடையில் பேசுகிறவர் யாரும் இதை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் அதோடு விட்டுவிட்டு, புளிசோற்றில் கடலை போதவில்லை என்று குறை சொன்னீர்கள்.

பிறகு உங்கள் வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தீர்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஊர் வாய் திறந்துகொண்டது. உங்கள் தங்கை வந்து, "கொஞ்ச நாளு அவ அம்மா வூட்டுல இருக்கட்டுமே. கண்ணு முன்னால இல்லன்னா தோசம் கொறையும்" என்றார்களாம். எனக்கும் பதறியது. தோஷம் என்பதைவிடப் பழி. நீங்கள் போகும்போது என் மகள் பக்கத்தில் இருந்தால் ஆயுசுக்கும் அவள் தலையில்தானே அது விடியும்? அரியலூர் போய் அடுத்த பஸ் பிடித்து விக்கிரமங்கலம் வந்தேன். அவளைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தேன்.

நீங்கள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். பாதியாகிவிட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்" என்றீர்கள். "கூட்டிட்டுப் போனீங்கன்னா, அவதான் காரணம்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப்புல ஆயிடும். அவ மனசுல அது அப்படியே உக்காந்துக்கும், எனக்கு உக்காந்தாப்புல. வேணாம். இவ்வளவு வருசமா நான் சேத்து வச்ச சாவு சம்பந்தி இது. ஒங்க பொண்ணுக்கு எதுக்கு எழுதி வைக்கச் சொல்றீங்க?" அந்த நிலைமையிலும் உங்களுக்குக் கேலி வந்தது.

அப்போதுதான் பல வருஷமாக மனசில் இருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு எங்க வூட்டுல, ஆயில்யம்னு சொன்னதும் ஒங்களுக்குப் பயமே வரலையா?" நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்களோ என்று எழுந்திருக்கப் போனேன்.

"வராமயா?" என்றீர்கள். "நாக்கே ஒட்டிக்கிச்சு. அதான் இன்னொரு காப்பி கேட்டேன். எனக்கு ரெண்டாவது காப்பி ஆவாது, நெஞ்சு எரியும். பஸ்ஸுல ஊரு வர்ற வரைக்கும் எரிஞ்சுது." சிரித்தீர்கள், வலியில் முகம் கோணியது. "பயம் வந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்? அது எங்கேருந்தோ வருது. எந்த சென்மத்துதோ, எவ சொன்னதோ. எந்திரிச்சுப் போவாம உக்காந்திருந்தேன் பாருங்க, அது மட்டுந்தான் நான்."

நான் தனியாகவே ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரம் உங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டதென்று ஆள் வந்தது. ஓடி வந்தேன். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. ஒவ்வொருவராக வாயில் பால் விட்டார்கள். உங்கள் தங்கை, அண்ணன், உங்கள் மகனான எங்கள் மாப்பிள்ளைகூட. எல்லாம் கடைவாயில் வழிந்தது, நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை. வனிதா டம்ளரோடு வந்தபோது உங்கள் தங்கை கையை நீட்டித் தடுத்தார்கள். "நீ வேணாம்மா, தள்ளி நில்லு." அந்த நேரம் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். ஆண் பெண் அத்தனை பேர் முன்னாலும், குருவிக்குஞ்சு மாதிரி ஆவென்று திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். வனிதா தங்கையின் கையை விலக்கிவிட்டு வந்து பாலை ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இவள் கையால் குடித்ததும் போய்விட்டால்?

போகவில்லையே நீங்கள்! மறுநாள் காலையில் கண்ணைத் திறந்து, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, "ஆயில்யம், கஞ்சில உப்பு கம்மி" என்றீர்கள். பந்தல்காரனுக்குச் சொல்லியனுப்பியிருந்த உங்கள் அண்ணன் அசடு வழிய நின்றார். ஊரே சிரித்தது. நான் கொல்லைப்புறம் போய்ச் சிரித்துச் சிரித்து அழுதேன். அதற்குப் பிறகும் ஒரு பௌர்ணமி பார்த்தீர்கள். கடைசியில் ஒரு மத்தியான நேரம், வனிதா உங்களுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் கையிலேயே சாய்ந்தீர்கள்.

ஊர் பேசாமல் இருக்குமா? பேசியது. காரியம் முடிந்த அன்று பாத்திரம் தேய்க்கிற இடத்தில் எங்கள் காதில் விழுகிற மாதிரியே ஒருத்தி பேசினாள். நான் சேலையைச் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா. அது அத்தையோட சாவு. நான் எடுத்துக்கிட்டா அவங்களுக்குக் கோவம் வரும்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. பெற்றவள் நான் கொடுக்க முடியாததை நீங்கள் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்களைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவது?

நேற்று மீன்சுருட்டிக்குப் போனேன் சம்பந்தியம்மா. வீட்டுக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சின்ன வீடு, சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். என்ன பிடிக்கும் என்று கேட்டேன். மழை நாளில் பஸ்ஸில் சன்னலோர சீட்டு பிடிக்கும் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவள் அம்மா மட்டும் உட்காரவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். பல வருஷம் நான் நின்ற நிற்பு அது.

"ஜாதகம் பாத்தீங்களா? நட்சத்திரம்..." என்று ஆரம்பித்தார்கள். மேலே சொல்லாமல் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பயம் வந்தது சம்பந்தியம்மா. போன வாரம் வந்ததைவிட அதிகமாக வந்தது. நீங்கள் கட்டிலில் பாதியாகக் கிடந்தது கண் முன்னால் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்துவிடலாம் போல இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, யாரும் என்னைத் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பாத்தேங்க" என்றேன். "இன்னும் ஒரு வாய் காப்பி இருக்குமா? சக்கரை மட்டும் போடாதீங்க."

அந்த அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தபடியே நின்றார்கள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கொல்லைப்பக்கம் அவர்கள் குரல் கேட்டது, பக்கத்து வீட்டில் பால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.